நவாபின் வால்

பூந்தமல்லியில் அந்த நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் கிளம்புகிறவர்கள், பஸ் ஏறுவதற்கு முன் கலீலுல்லாவின் அத்தர் கடைக்கு ஒரு நடை போய்வருவார்கள். அத்தர் வாங்குவதற்கு அல்ல. வீட்டுச் சாவியை, நகைப் பெட்டியை, நிலப் பத்திரத்தை, சில சமயம் பால் கறக்கிற ஆட்டைக்கூட அவரிடம் விட்டுவிட்டுப் போவதற்கு. ஹஜ்ஜுக்குப் போகிறவர், ரங்கூனுக்குப் பிழைக்கப் போகிறவர், திருப்பதிக்கு மொட்டை போடப் போகிறவர் எல்லோருக்கும் அவர்தான். பள்ளிவாசலை ஒட்டியிருந்த அந்தக் கடையில் வியாபாரம் சுமார்தான். கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில்தான் ஊரார் சாமான்கள் கால் வைக்க இடமில்லாமல் கிடந்தன.

நம்பி ஒப்படைத்த பொருளுக்கு அமானிதம் என்று பெயர். அதைக் கொடுத்தபடியே திருப்பித் தரவேண்டும் என்பது மார்க்கம். கலீலுல்லாவிடம் கொடுத்தபடியே என்றால் கொடுத்தபடியேதான். காட்டுப்பாக்கத்துப் பூந்தோட்டக்காரர் பரந்தாமன் ஒருமுறை ஒரு பக்கம் நசுங்கிப்போன பித்தளை அண்டாவை விட்டுவிட்டுப் போனார். தெருவில் பாத்திரம் அடைக்க வந்தவர், "சும்மாவே தட்டி நிமித்தித் தரேன் பாய்" என்று கேட்டதற்கு, கலீலுல்லா கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார். நசுங்கலும் அமானிதத்தில் சேர்த்தியாம். திரும்பி வந்த பரந்தாமன் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அடுத்த முறை வெளியூர் கிளம்பியபோது சம்சாரத்தின் நகையைத் தூக்கிக்கொண்டு நேரே இங்கேதான் வந்தார்.

நல்ல மனிதர். தாம் நல்ல மனிதர் என்பது அவருக்கே தெரிந்திருந்ததுதான் கொஞ்சம் தொல்லை. பிறர் பொருளை மனைவி வஹீதுன்னிசாவைக்கூடத் தொட விடமாட்டார். "கைல வாங்கினவன் நான். கேக்கப்போறதும் என்னத்தான்" என்பார். அவள் விளக்குமாற்றை அந்தச் சாமான்களைச் சுற்றி வளைத்து வளைத்துப் பெருக்குவாள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த வருஷம், நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு நஜீர் வந்தான். ரங்கூனில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறவன். அம்மாவுக்கு முடியவில்லை என்று ஊருக்கு வந்திருந்தான். அம்மா காலமாகிவிட்டாள். இனி இங்கே யாருமில்லை, மறுபடி கப்பல் ஏறவேண்டியதுதான். ஒரு கையில் வீட்டுச் சாவி, இன்னொரு கையில் மிட்டாய்க் கடைகளில் இருக்குமே அந்த மாதிரி அகலமான கண்ணாடி ஜாடி. ஜாடியில் தண்ணீர். தண்ணீரில் ஒரு மீன்.

விரல் நீளம்தான் இருக்கும். உடம்பு கருநீலம். வால் மட்டும் உடம்பைவிடப் பெரிது. சிவப்புப் பட்டை விரித்துவிட்ட மாதிரி, அது திரும்பும் பக்கமெல்லாம் கூடவே சுழன்று வந்தது.

"இது சீயாம் தேசத்து மீனு பாய்" என்றான் நஜீர். "அங்க இத்த சண்டைக்கு வுடுவாங்களாம். ரங்கூன்ல கூட வேல செய்ற ஆளு குடுத்தான். அம்மாவுக்கு ஆசயா இருக்கும்னு இட்டாந்தேன். கடசி வரிக்கும் இத்தத்தான் பாத்துகினு படுத்திருந்தாங்க. பேரு வச்சதும் அவங்கதான். நவாபு."

"இத்த ஏன் இங்க இட்டாந்தே?"

"வரச்சொல்லோ கப்பல்ல இத்த வச்சிகினு நான் பட்ட பேஜாரு எனக்குத்தான் தெரியும். திருப்பி இட்னு போவ முடியாது. நான் வர்ற வரிக்கும் நீங்க வச்சுக்கணும்."

கலீலுல்லா ஜாடியைப் பார்த்தார். சாவி தெரியும், நகை தெரியும், ஆடுகூடத் தெரியும். மீன் அவருக்குப் புதிது.

"இதுக்கு தீனி?"

"கொசுப்புழு போதும். தண்ணி அழுக்கா இருந்தா மாத்துங்க. அவ்ளோதான் பாய்."

அழுக்காக இருந்தால் என்றுதான் அவன் சொன்னான். கலீலுல்லாவின் காதில், அழுக்காகவே ஆகக்கூடாது என்று விழுந்தது.

வெள்ளிக்கிழமை காலை கடை திறப்பதில்லை. ஜும்மாத் தொழுகைக்கு முன் குளித்து, வெளுத்த உடுப்பு உடுத்தி, நல்ல அத்தராக எடுத்து மணிக்கட்டிலும் உள்ளங்கையிலும் தேய்த்துக்கொள்வார். இனி அந்த வேளைதான் நவாபுக்கு என்று முடிவு செய்தார். பிறர் அமானிதத்தை ஏனோதானோ என்று தொடலாமா? குளித்த உடம்போடு, மணக்கிற கையோடு, இறைவன் பெயரால் என்று பிஸ்மி சொல்லித்தான் தொடவேண்டும். மீனை உள்ளங்கையில் அள்ளிச் சட்டிக்கு மாற்றுவார். ஜாடியின் உள்ளே கைவிட்டு விரலால் வழித்து வழித்துத் தேய்ப்பார். கிணற்றிலிருந்து புதிதாக இறைத்த தண்ணீரை நிரப்பி, மீனை மறுபடி அள்ளி விடுவார். பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை என்பது வேறு விஷயம்.

இப்படிச் சில வாரம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை நவாபின் வால் நுனி வெளுத்திருந்தது. அடுத்த வாரம் அந்த வெளுத்த இடம் கரைந்து, எலி கடித்த துணி மாதிரி நைந்து தொங்கியது. நீந்துவதை விட்டுவிட்டு மீன் ஜாடியின் அடியில் சாய்ந்து கிடந்தது.

கலீலுல்லாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஹக்கீமிடம் போனார். ஹக்கீம் கண்ணாடியை ஏற்றி இறக்கி மீனைப் பார்த்துவிட்டு, "நான் மனுசனுக்கு வைத்தியம் பாக்கறவன். ஆபத்துக்குக் குதிரைக்கும் பாத்திருக்கேன். இதுக்கு நாடி எங்கன்னு சொல்லு, புடிச்சுப் பாக்கறேன்" என்றார். கருஞ்சீரகத்தை அரைத்துக் கலந்து பார்த்தார் கலீலுல்லா. மஞ்சளைக் கரைத்தார். ஒன்றும் கேட்கவில்லை.

வஹீதுன்னிசாதான் சொன்னாள். "தொண்டப்புண்ணுக்கு நாம உப்புத்தண்ணி கொப்புளிக்கறது இல்ல? அதுக்கு வாயும் தண்ணில கீது, ஒடம்பும் தண்ணில கீது. ரெண்டு கல்லு உப்பு போட்டுப் பாருங்களேன்."

போட்டார். இரண்டு மூன்று நாளில் ஓரம் நைவது நின்றது. நவாபு எழுந்து நீந்தியது. வால் ஓரத்தில் கண்ணாடி மாதிரி மெல்லிசாகப் புதுச் சவ்வு முளைத்தது. கலீலுல்லா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொன்னார். வெள்ளிக்கிழமை வந்தது. குளித்து, அத்தர் பூசி, ஜாடியைத் தேய்த்துத் தண்ணீர் மாற்றினார். ஞாயிற்றுக்கிழமை வால் மறுபடி வெளுத்தது.

இப்படியே ஆயிற்று. உப்பு போட்டால் தேறும். தேறிவிட்டது என்று மூச்சு விடும்போது மறுபடி நையும். ஒவ்வொரு தடவையும் வால் கொஞ்சம் குட்டையானதுதான் மிச்சம். மார்கழிக் குளிரில் ரங்கூனில் குண்டு விழுந்த செய்தி வந்தது. நஜீரிடமிருந்து தகவல் எதுவும் இல்லை. அன்றிலிருந்து கலீலுல்லா ஜாடியைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. அந்தப் பையனுக்கென்று இந்த உலகத்தில் இருப்பது இது ஒன்றுதான், அதுவும் என் கையில் அழுகிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து நினைத்து மருகினார். யாரோ ஒருவருடைய அமானிதத்தில் தாம் தெரியாமல் பிசகிவிட்டோம், அதற்குத்தான் இந்தத் தண்டனை என்றுகூட அவருக்குத் தோன்றியது. வீட்டில் கிடந்த மூட்டை முடிச்சுகளை எல்லாம் தூசி தட்டி முத்திரை சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தன. அது அவர் கவலையை இன்னும் கூட்டியது.

மல்லிகை விற்கப் பட்டணம் போய்த் திரும்பிய பரந்தாமன் ஒருநாள் கடையில் உட்கார்ந்து இந்தப் புலம்பலை முழுக்கக் கேட்டார்.

"இதுக்கா அண்ணாத்தே மூஞ்சிய இப்டி வச்சிகினு கீறே? மூர் மார்க்கெட்டுல கலர் கலரா மீனு விக்கறான். இதே மாதிரி ஒண்ணு வாங்கி ஜாடில வுடு. மீனுக்கு இன்னா, பேரா எழுதி ஒட்டி கீது?"

"எழுந்து போயிடு பரந்தாமா" என்றார் கலீலுல்லா. குரல் உயரவில்லை. ஆனால் பரந்தாமன் எழுந்து போய்விட்டார்.

கலீலுல்லா அதோடு விட்டாரா என்றால், இல்லை. அடுத்த வாரம் சரக்கு வாங்கப் பட்டணம் போன இடத்தில் கால் தானாக மூர் மார்க்கெட் பக்கம் போயிற்று. கிளிக்கூண்டுகளையும் முயல்களையும் தாண்டிக் கண்ணாடித் தொட்டிகள் வரிசையாக இருந்தன. ஒரு தொட்டியில் கருநீல உடம்பும் சிவப்பு வாலுமாக ஒன்று நீந்திக்கொண்டிருந்தது. வால் முழுசாக இருந்தது. கடைக்காரன் வலையை எடுத்துக்கொண்டு, "புடிக்கட்டுமா சாயபு?" என்றான். பிடி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்ததைக் கலீலுல்லாவே உணர்ந்தார். விடுவிடென்று திரும்பி நடந்தார். இத்தனை வருஷம் தம்மைப் பற்றித் தாம் வைத்திருந்த எண்ணம் அந்தத் தொட்டியருகே ஒரு கணம் ஆடிப்போயிற்று. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

மாசி மாதம் ஆம்பூரில் அவர் தங்கை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் போகாமல் முடியாது. வஹீதுன்னிசாவுக்கு அப்போது முழங்கால் வீங்கியிருந்ததால் அவள் தங்கிவிட்டாள். கிளம்புமுன் அவர் மீனைப் பற்றி அவளுக்குச் சொன்ன புத்திமதிகளைக் கேட்டிருந்தால் மீனே ஜாடியைவிட்டு ஓடியிருக்கும். "வெள்ளிக்கெழம மறக்காத. நல்லா தேய்ச்சி மாத்து. கைய சுத்தமா வச்சிகினு தொடு."

"சரி சரி, போய்ட்டு வாங்க" என்றாள் அவள்.

முழங்கால் வலியோடு ஜாடியைத் தூக்கித் தேய்க்க அவளுக்குப் பைத்தியமா என்ன? முற்றத்தில் வாதாம் மரத்து நிழலில் ஜாடியை வைத்தாள். தண்ணீர் குறைந்தால் கொட்டாங்கச்சியில் மொண்டு மேலாக ஊற்றினாள். கொசுப்புழு போட்டாள். அத்தோடு சரி. மரத்திலிருந்து ஒரு காய்ந்த இலை ஜாடிக்குள் விழுந்தது. குனிந்து எடுக்கச் சோம்பல்பட்டு அதையும் விட்டுவிட்டாள். தண்ணீர் தேயிலை நிறத்துக்கு வந்தது.

சம்பந்திகள் பிடித்து வைத்துக்கொண்டதால் கலீலுல்லா திரும்ப ரொம்ப நாளாயிற்று. வந்ததும் செருப்பைக் கழற்றாமல் முற்றத்துக்கு ஓடினார். தண்ணீரைப் பார்த்து, "அடிப்பாவி!" என்று தலையில் கைவைத்தார்.

"தண்ணிய அப்பால பாருங்க. மொதல்ல மீனப் பாருங்க."

பார்த்தார். நவாபு பழுப்புத் தண்ணீரில் நிமிர்ந்து நின்றது. வால் பழையபடி வளர்ந்து விசிறியாக விரிந்திருந்தது. நைந்த இடம் ஒன்றுகூட இல்லை. கலீலுல்லா அழுதே விட்டார்.

ஆனால் மனிதர் மாறிவிடுவாரா? மறுநாள் வியாழன் முழுக்க அந்தப் பழுப்புத் தண்ணீர் அவரை உறுத்தியது. தேறியதோ தேறிவிட்டது, அழுக்கிலேயே விட்டுவைப்பதா? வெள்ளிக்கிழமை காலை குளித்து, ஆம்பூர் கல்யாணத்தில் கிடைத்த புது உடுப்பை உடுத்தி, தாராளமாக அத்தர் பூசிக்கொண்டு ஜாடியைக் கையில் எடுத்தார்.

"நல்லாத்தானே கீது, வுட்டுடுங்களேன்" என்றாள் வஹீதுன்னிசா.

"நஜீரு என்னிக்கு வந்து நிப்பானோ. இந்தச் சாக்கடத் தண்ணியையா அவன்கிட்ட நீட்டறது?"

இலையைத் தூர எறிந்தார். கைவிட்டுத் தேய்த்தார். பளிங்காகத் தண்ணீர் நிரப்பி, மீனை உள்ளங்கையில் அள்ளி உள்ளே விட்டு, ஜாடியை வெயில் விழும் இடத்தில் வைத்துவிட்டுத் தொப்பியைத் தேடப் போனார்.

வஹீதுன்னிசா கொசுப்புழுவோடு ஜாடிமேல் குனிந்தாள். மூச்சு வாங்க மேலே வந்த மீன் வாயை நீட்டிவிட்டுச் சடாரென்று கீழே பாய்ந்தது. மறுபடி வந்தது, மறுபடி பாய்ந்தது. வெயில் பட்ட தண்ணீர்மேல் மெல்லிசாக ஒரு படலம், ஊதாவும் பச்சையுமாக மினுங்கியது. அவள் மூக்கைக் கிட்டே கொண்டுபோய் மோந்தாள்.

"இன்னாங்க! இங்க வாங்க."

"ஜும்மாவுக்கு நேரமாச்சு."

"வாங்கன்னா வாங்க. மீனுக்கும் அத்தர் பூசி கீறீங்களா?"

"இன்னா ஒளர்றே?"

"மோந்து பாருங்க."

அவர் குனிந்து மோந்தார். அவருக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. காலையிலிருந்து இருட்டும்வரை ஜவ்வாதும் அத்தரும் அளந்து ஊற்றுகிற மூக்கு. அது எப்போதோ அதற்கெல்லாம் மரத்துப்போயிருந்தது. ஆனால் கண் மரத்துப்போகவில்லை. அவள் கை நீட்டிய இடத்தில் படலம் மினுங்குவதை அவர் பார்த்தார்.

"கெணத்துத் தண்ணி அப்டித்தான் இருக்கும்" என்றார்.

அவள் கிணற்றிலிருந்து ஒரு சட்டி தண்ணீர் மொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள். அதில் ஒன்றும் மினுங்கவில்லை. பிறகு அவர் கையைப் பிடித்து அதில் முக்கினாள். விரல்களைச் சுற்றி எண்ணெய் வட்டங்கள் கிளம்பி, ஒன்றோடொன்று சேர்ந்து, சட்டி முழுக்கப் படர்ந்தன.

"நான் கைய வச்சே தொடல" என்றாள் வஹீதுன்னிசா. சொல்லும்போது அவளுக்கே பாவமாக இருந்தது. "கொட்டாங்கச்சில ஊத்தினதோட சரி. அதான் பொழச்சுது போல."

கலீலுல்லா முதலில் கோபப்பட்டார். நபி ரசூலுல்லா விரும்பிய வாசனை, அது எப்படிக் கெடுதல் செய்யும் என்று கேட்டார். மீனிடம் கேளுங்கள் என்றாள் அவள். அன்று ஜும்மாவுக்கு அவர் கடைசி வரிசையில் போய் நின்றார். மாலையில் சீயக்காய், சாம்பல், புளி என்று வீட்டில் இருந்ததையெல்லாம் போட்டுக் கையைத் தேய்த்தார். தோல் சிவந்ததுதான் மிச்சம். சட்டியில் விட்டுப் பார்த்தால் வட்டம் கிளம்பியது. தொழிலே அதுவாக இருக்கும்போது ஒரு வேளைத் தேய்ப்பில் அது எங்கே போகும்? எந்தக் கையை நம்பி ஊரே பொருளைக் கொடுத்ததோ, அந்தக் கைதான் வாரா வாரம் அந்த வாலை அரித்துத் தின்றிருக்கிறது. அதுவும் அன்பாக, பிஸ்மி சொல்லி.

கடைசியில் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து, "வஹீதா, இத்த நீ வச்சுக்கோ. நான் தொடல" என்றார். அவர்களுக்குக் கல்யாணமானதிலிருந்து பிறர் பொருள் ஒன்றை அவர் முழுசாக அவள் பொறுப்பில் விட்டது அதுதான் முதல் தடவை.

அவள் தண்ணீரைச் சாய்த்து ஊற்றிவிட்டுப் புதிதாக மொண்டு ஊற்றினாள். ஒரு வாதாம் இலையைக் கழுவிப் போட்டாள். கொஞ்சம் உப்பு. மீன் தப்பித்தது. ஆனால் அந்தத் தடவை அரிப்பு ஆழமாக இறங்கியிருந்தது. வால் மறுபடி வளர்ந்தபோது நடுவில் ஒரு பிளவு வளராமலே நின்றுவிட்டது. யார் பார்த்தாலும் முதலில் கண்ணில் படும் இடம்.

சித்திரையில் ஜப்பான்காரன் பட்டணத்தில் குண்டு போடப்போகிறான் என்று வதந்தி கிளம்பியது. ஜனங்கள் வண்டி வண்டியாக மேற்கே கிளம்ப, பூந்தமல்லி ரோடு முழுக்க மாட்டுவண்டிகள் நகர்ந்தன. அவர்களில் பலர் யாரோ சொன்ன அடையாளத்தை வைத்துக்கொண்டு கலீலுல்லாவின் கடையைத் தேடி வந்தார்கள். பெட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள், திரும்பி வரும்போது வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "என்கிட்ட வேணாம். வேற எடம் பாருங்க" என்றார். ஒருவரையும் விடாமல் இதையே சொன்னார்.

கேள்விப்பட்டுப் பரந்தாமன் ஓடிவந்தார். "இன்னா அண்ணாத்தே, ஊரே உன்ன நம்பி வருது, நீ வாணாங்கறே?"

"நீ வச்சதையும் எட்துகினு போயிடு பரந்தாமா. ஒரு மீனு வால காப்பாத்த வக்கில்லாத கையி இது."

பரந்தாமன் சிரிக்கப் பார்த்தார். கலீலுல்லாவின் முகத்தைக் கண்டதும் சிரிப்பு வரவில்லை. நகையை எடுக்காமலேயே போய்விட்டார்.

ரங்கூன் அதற்கு முன்பே விழுந்துவிட்டிருந்தது. மலையும் காடுமாக நடந்து வருகிற ஜனங்களைப் பற்றிப் பத்திரிகையில் போட்டார்கள். வழியில் செத்தவர்களைப் பற்றியும் போட்டார்கள். கலீலுல்லா ஒவ்வொரு தொழுகையிலும் நஜீருக்காகக் கையேந்தினார். அவன் வரவேண்டும் என்று உண்மையாகவே வேண்டினார். வந்தால் எந்த முகத்தோடு ஜாடியைக் காட்டுவது என்றும் பயந்தார்.

ஆனி மாதம் ஒரு பிற்பகலில் அவன் வந்தான். முதலில் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, தாடி மண்டி, காலில் கந்தல் சுற்றியிருந்தான். மார்போடு ஒரு துணி மூட்டையை அணைத்துப் பிடித்திருந்தான். "பாய்" என்றதும்தான் குரல் தெரிந்தது. கலீலுல்லா அவனைக் கட்டிக்கொண்டார். நடுவில் மூட்டை இடித்தது. அதை அவன் விடவில்லை.

வஹீதுன்னிசா கஞ்சி கொடுத்தாள். ஒரு கையால் குடித்தான். உடம்பு காய்ச்சலில் கொதித்தது. நடந்த கதையைத் துண்டு துண்டாகச் சொன்னான். அரக்கான் காட்டுவழி, சிட்டகாங், கல்கத்தா, அங்கிருந்து ரயில். அவன் குடித்து முடிக்கும்வரைதான் கலீலுல்லாவால் பொறுக்க முடிந்தது. உள்ளே போய், வஹீதுன்னிசாவை ஜாடியைத் தூக்கிவரச் சொல்லி, அவன் முன்னால் வைத்தார்.

"தம்பி, நீ குடுத்தது உசுரோட கீது. ஆனா குடுத்த மாதிரி இல்ல."

நஜீர் குனிந்து பார்த்தான். நவாபு அவன் முகத்தைப் பார்த்து வாலை விரித்தது. பிளவு நன்றாகத் தெரிந்தது.

"நோவு வந்துச்சு. வந்து வந்து போச்சு" என்றார் கலீலுல்லா. "அதுவா வரல. என் கையால வந்துச்சு. கைல அத்தர் எண்ண. எனக்கே தெரியாம வாரா வாரம் அதத் தண்ணில கரச்சு வுட்டிருக்கேன். நடுவுல மூர் மார்க்கெட் போய் வேற மீனு வாங்கி உன்ன ஏமாத்தலாம்னும் ஒரு தபா நெனச்சேன். வாங்கல, ஆனா நெனச்சேன். இத்தப் பொழைக்க வச்சது இவதான். நீ என்ன மாப்பு பண்ணணும்."

நஜீர் ஜாடியிலிருந்து கண்ணை எடுத்து அவரையே பார்த்தான். பிறகு மூட்டையை மடியில் வைத்து அவிழ்த்தான். வெளியே எடுக்காமல் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான். உடைந்த மூக்குக் கண்ணாடி ஒன்று. சாவிக்கொத்து ஒன்று. மஞ்சள் துணியில் முடிந்த தாலி ஒன்று. கைக்குழந்தையின் வெள்ளிக் கொலுசு ஒற்றை.

"வழில சில பேரு நடக்க முடியாம உக்காந்துட்டாங்க பாய். ஊர்ல சேத்துடுப்பான்னு குடுத்தாங்க. கண்ணாடி, செங்கல்பட்டு தசரதன்னு ஒருத்தரோடது. சாவி, நம்ம வேலப்பன்சாவடி தேவராஜோடது. தாலி, கன்னியம்மான்னு ஒருத்தங்களோடது, திருவள்ளூர்ல அண்ணன் கீறாராம். கொலுசு, பருத்திப்பட்டுக்கு சேரணும். ஆத்தா குடுத்தா, கொழந்த பேரு பேபி. ரெண்டு பேரும் வரல. தாத்தா வேம்புலி கீறாராம், ஏரிக்கரையாண்ட." அவன் கொலுசின்மேல் துணியை இழுத்து மூடினான். "இத்த வச்சிகினு கல்கத்தாலேர்ந்து நான் கண்ண மூடல. எவன்கிட்டயும் குடுக்க பயம். என் ஒடம்பு இருக்கற இருப்புல, வழிலயே போயிட்டேன்னா இவங்க எல்லாம் இன்னொரு தபா சாவாங்களே பாய்."

மூட்டையை மறுபடி முடிந்து அவரிடம் நீட்டினான்.

கலீலுல்லா பின்வாங்கினார். "இந்தக் கையிலயா தம்பி?"

"குடுத்தத பத்திரமா வச்சேன்னு சொல்றதுக்கு ஊர்பூரா ஆளு கீது. கெடுத்துட்டேன்னு தானா வந்து எவன் சொல்றான்? நெனச்சதக்கூட சொன்னீங்களே. வேற யார்கிட்ட நான் குடுப்பேன்? புடிங்க. எனக்குத் தூங்கணும்."

கலீலுல்லா கையை நீட்டினார். மூட்டை அதில் வந்து உட்கார்ந்ததும் அவர் கண்ணிலிருந்து தாடி வழியாகத் தண்ணீர் இறங்கியது. துடைக்கக் கை ஒழியவில்லை. நஜீர் விரித்திருந்த பாயில் சாய்ந்த கையோடு தூங்கிப்போனான்.

அவர் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அவன் சொன்ன பெயர்களை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். கண்ணாடி தசரதன். சாவி தேவராஜ். தாலி கன்னியம்மா. கொலுசிடம் வந்ததும் பெயர் நினைவுக்கு வரவில்லை. மறுபடி முதலிலிருந்து சொல்லிப் பார்த்தும் வரவில்லை. அவனை எழுப்பவும் மனசு வரவில்லை. மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"பேபி" என்றாள் வஹீதுன்னிசா. வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மூட்டையின் மறுமுனையைத் தன் கையில் பிடித்துக்கொண்டாள்.